குளிரில் இறைத்த வெப்பம்

இரவல் வாங்கிய பொருளுக்கு உரிமை கொண்டாடலாகாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த நீதி. ஆயின், எது இரவல், எது சொந்தம் என்று பிரித்தறிவது அத்துணை எளிதன்று. ஓர் இயந்திரத்தின் முன் நின்று இக்கேள்வியை இரண்டு மாத காலம் எண்ணிப் பார்க்கும் நிலை நமக்கு வாய்த்தது. அவ்வெண்ணங்களை வாசக நேயர்களின் முன் வைக்கின்றோம்.

அயர்லாந்து நாட்டின் மேற்கே மேயோ என்னும் மாவட்டத்தில் நம் மகளும் மருமகனும் குடியிருக்கின்றனர். மகள் மருத்துவமனையில் செவிலியர். மருமகன் கணக்கர். 2024 டிசம்பரில் அவர்கள் வீட்டிற்குச் சென்றோம். அதனை ஊர் என்று சொல்வதற்கில்லை. கல்லடுக்கிய வேலிகளுக்கிடையே செம்மறியாடுகள் மேயும் வயல்கள். சாலையோரத்தில் கூப்பிடு தூரத்திற்கு ஒன்றாகத் தனித்தனி வீடுகள். ஜும்ஆத் தொழுகைக்குப் பாலிஹானிஸ் என்னும் சிற்றூருக்குக் காரில் போக வேண்டும். அங்கே 1987இல் எழுப்பப்பெற்ற பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. அத்தொலைவில், அக்குளிரில், பாங்கோசை கேட்டபோது நம் நெஞ்சு நெகிழ்ந்ததைச் சொல்லத் தொடங்கினால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.

மகளின் வீடு 2023இல் கட்டி முடிக்கப்பெற்றது. உள்ளே நுழைந்ததும் நாம் தேடியது நெருப்பை. அங்கே நெருப்பே இல்லை. கணப்பு இல்லை, புகைபோக்கி இல்லை, சமையலும் மின்சாரத்தில்தான். ஆயினும் வெறுங்காலால் தரையை மிதித்தபோது, மாலை வெயிலில் காய்ந்த திண்ணையைப் போல் இதமான சூடு. "எங்கிருந்தம்மா வருகிறது இந்தச் சூடு?" என்றோம். மகள் சன்னல் வழியே வெளிச்சுவரோரம் கிடந்த ஒரு பெட்டியைக் காட்டினாள். குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பாகம் போன்று, விசிறி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. "அந்தக் காற்றிலிருந்துதான் அத்தா," என்றாள். வெளியே வெப்பநிலை 3 பாகை செல்சியஸ். பரிகாசம் செய்கிறாளோ என்றுகூட ஐயுற்றோம்.

ஹீட் பம்ப் என்று அதனை அழைக்கின்றனர். வெப்பம் இறைக்கும் பொறி எனலாம். இன்று அந்நாட்டில் புதிதாகக் கட்டப்பெறும் வீடுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் இதுவே பொருத்தப்படுகிறது. நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்குத் தானே ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டிற்கு ஏற்ற வேண்டுமாயின் ஏற்றமோ கவலையோ வேண்டும். வெப்பமும் அத்தகையதே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குத் தானே ஓடும். எதிர்த்திசையில் செலுத்த உழைப்பு வேண்டும். பொறியினுள் ஓடும் திரவம் பூச்சியத்திற்கு மிகக் கீழே, கடுங்குளிரிலும் கொதித்து ஆவியாகும் இயல்புடையது. வெளிக்காற்றின் வெப்பத்தை உண்டு அது ஆவியாகிறது. அந்த ஆவியை அழுத்தி நெருக்கினால் அதன் சூடு உயர்கிறது. உயர்ந்த சூட்டை நீருக்கு ஈந்துவிட்டு, அழுத்தம் தளர்ந்து, குளிர்ந்து, மீண்டும் வெளியே போகிறது. சூடேறிய நீர் 35 பாகை அளவில் தரைக்கடியிலுள்ள குழாய்களில் வலம் வருகிறது. ஒரு பங்கு மின்சாரம் செலவிட்டால் மூன்று பங்கோ அதற்கு மேலோ வெப்பம் வீட்டிற்குள் வந்து சேர்கிறது என்று மருமகன் கணக்குக் காட்டினார். எஞ்சிய பங்கெல்லாம் காற்றின் கொடை.

இவ்வாறு செய்ய இயலும் என்று 1852இலேயே எழுதியவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர். அவர் 1824இல் பிறந்தது அதே அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில். சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகர மன்றக் கட்டடம் 1938இல் இம்முறையால் சூடாக்கப்பெற்றது. எனவே இது நேற்று முளைத்த விந்தையன்று.

மதரஸாவில் மைபதீ என்னும் தத்துவ நூலை ஓதிய காலத்தில், சூடும் குளிரும் இருவேறு தன்மைகள், ஒன்றற்கொன்று பகை என்று படித்தோம். காற்றின் இயற்கை சூடும் ஈரமும் என்பது அக்காலத் தத்துவியரின் கொள்கை. இப்பொறியைக் கண்டதும், "ஆ, பண்டையோர் அன்றே சொல்லிவிட்டனர்!" என்று கூவ நம்முள்ளும் ஓர் ஆசை எழுந்ததுண்டு. அவ்வாசையை அடக்கிக்கொண்டோம். புதியது ஒன்றைக் காணுந்தோறும் பழைய ஏட்டில் அதனைத் தேடி எடுத்துக் காட்டுவது நம்மவரிடையே ஒரு நோயாகவே வளர்ந்துவிட்டது. உண்மை வேறு. குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை. வெப்பத்தின் குறைவே குளிர். வெப்பம் அறவே ஒழிந்த நிலை மைனஸ் 273 பாகையில்தான். நாம் நடுங்கி நின்ற அந்த 3 பாகைக் காற்று, அவ்வெல்லைக்கு 276 பாகை மேலே நிற்கிறது. இல்லை என்று நாம் கைவிரித்த இடத்தில் உண்மையில் ஏராளம் இருந்தது.

இஃது நமக்கு மற்றொரு பாடத்தை நினைவூட்டியது. அஷ்அரீ இமாம் வழிவந்த கலாம் நூல்களில் 'கஸ்பு' என்றொரு சொல் உண்டு. மனிதன் செயலைப் படைப்பதில்லை, ஈட்டிக்கொள்கிறான் என்பது அதன் சாரம். மாணவப் பருவத்தில் அதனை மனனம் செய்தோமேயன்றி விளங்கிக்கொண்டோமில்லை. விறகை எரிப்பவன், "நான் நெருப்பை உண்டாக்கினேன்" என்று சொல்லிவிடலாம். கண்ணுக்கும் அப்படியே தோன்றும். இப்பொறியை உடையவனோ அங்ஙனம் சொல்ல முடியாது. சிதறிக் கிடந்ததைச் சேர்த்தான், தாழ்ந்து கிடந்ததை உயர்த்தினான், அவ்வளவே. உவமை எல்லாவிடத்தும் பொருந்தாது என்பதை அறிவோம். ஆயினும் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்லுக்கு ஓர் ஈரக்காற்றுப் பெட்டி விரிவுரை எழுதியது.

அப்படியாயின் இப்பொறியுடன் வாழ்பவர் நன்றியுணர்வில் மிக்கவராக இருத்தல் வேண்டுமன்றோ? இங்கேதான் நம் ஐயம் தொடங்குகிறது. நெருப்பு தன் விலையை மறைப்பதில்லை. விறகு சுமந்த தோளும் புகையில் கலங்கிய கண்ணும் அள்ளிக் கொட்டிய சாம்பலும் அதன் விலையை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும். இப்பொறி எதையும் சொல்வதில்லை. ஒருநாள் கூடுதலாகக் குளிர்ந்ததென்று சுவரிலிருந்த குமிழைத் திருகப் போனோம். "வேண்டாம் மாமா. இப்போது கூட்டினால் நாளைக்குத்தான் தெரியும். 20இல் வைத்துவிட்டு மறந்துவிடவேண்டும்," என்றார் மருமகன். மறந்துவிடவேண்டும்! பொறியைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரை. மெல்லிய சூட்டை இடையறாது ஊட்டுவதே அதன் இயல்பு. அடிக்கடி ஏற்றி இறக்கினால் மின்சாரம் வீணாகும். ஆனால் மறக்கப்பட்ட நன்மை சில காலத்தில் உரிமையாகிவிடுகிறதே!

அதன் அறிகுறி ஒன்றை வாசலில் கண்டோம். இத்தகைய வீடு காற்றுப் புகாமல் மிக இறுக்கமாகக் கட்டப்பெறுவது. பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதைக் கடந்தவர், தனியர். முட்டையோ உருளைக்கிழங்கோ கொண்டுவந்து, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே வைத்து, திறந்த கதவின் நடுவே நின்று கால் மணி நேரம் பேசுவார். அந்நாட்டுக் கிராமத்தார் வழக்கம் அது போலும். நம் மகள் சிரித்த முகத்துடன்தான் பேசுவாள். ஆனால் அவள் கண் கதவின் மீதே இருக்கும். அவர் போனபின், "பாதிச் சூடு போய்விட்டது," என்று ஒருநாள் சொன்னாள். கெட்ட மனத்தினள் அல்லள் அவள். மிச்சம் பிடிக்கத் தெரிந்தவள். அவ்வளவே. எனினும் சிக்கனம் எந்தப் படியில் உலோபமாகிறது என்பதை அன்று நாம் அருகிருந்து பார்த்தோம். பெரியவரின் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து எழும் கரும்புகை காற்றடிக்கும்போது நம் பக்கம் வரும். அதனைப் பற்றி மருமகனும் குறைபட்டுக்கொள்வார். அவர் எரிப்பது டர்ஃப். சதுப்பு நிலத்திலிருந்து செங்கல் செங்கலாக வெட்டி உலர்த்திய கரிமண்.

2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை. எயோவின் என்று பெயரிடப்பெற்ற சூறாவளி விடியுமுன் அத்தீவின் மேற்குக் கரையைத் தாக்கியது. அண்டை மாவட்டமான கால்வேயின் கடலோரத்தில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் பதிவாயிற்று. நாடெங்கும் 7 லட்சத்து 68 ஆயிரம் இணைப்புகளில் மின்சாரம் அற்றது. சாலையெல்லாம் மரங்கள். அன்று ஜும்ஆவுக்குச் செல்ல வழியில்லை. வீட்டிலேயே லுஹர் தொழுதோம். வெளியே பெட்டி ஊமையாகிவிட்டது. கிணற்று மோட்டார் ஓடவில்லை, குழாயில் நீரில்லை. அடுப்பும் மின் அடுப்பு. நன்றாகக் கட்டிய வீடாதலால் சூடு ஒரேயடியாக ஓடிப் போய்விடவில்லை. சனிக்கிழமை காலையில் 16 பாகை. ஞாயிறு காலையில் 13. பேரப்பிள்ளைகள் இருவரும் மேலங்கியுடன் போர்வைக்குள் சுருண்டு கிடந்தனர். சிறியவளுக்கு மூன்று வயது. அவள் கைவிரல்களை நம் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு கைப்பிடி நெருப்புக்கு எதையும் கொடுக்கலாம் போலிருந்தது.

ஞாயிறு முற்பகலில் ரம்பத்தின் ஓசை கேட்டது. வழியில் விழுந்த மரத்தை அறுத்துத் தள்ளிவிட்டு டிராக்டரில் வந்து சேர்ந்தார் அப்பெரியவர். அன்று அவர் வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து, பிள்ளைகளைப் பார்த்து, "எல்லோரும் வாருங்கள்," என்றார். அந்த ஒரு சொல்தான்.

நான்கு பகலும் நான்கு இரவும் அவருடைய வீட்டில் இருந்தோம். மொத்தமான கற்சுவர், சன்னல் இடுக்கில் காற்று சீழ்க்கையடிக்கும். அவருக்கும் மின்விளக்கு இல்லைதான். ஆனால் சமையலறையில் இரும்படுப்பு இரவும் பகலும் கனன்றது. மகள் தன் பாத்திரங்களையும் அரிசியையும் கொண்டுபோய் அவ்வடுப்பிலேயே சமைத்தாள். நம் உணவு முறையை அவர் ஒருமுறை கேட்டறிந்தார். பின்பு அதைப்பற்றிப் பேசவே இல்லை. ஒளூவுக்கென்று வெந்நீரைத் தாமே முகந்து வைத்தார். முன்னறையில் நாம் தொழும்போது தம் நாயைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரையில் அமர்ந்திருப்பார். அவருடைய இருமல் இரவெல்லாம் கேட்கும். புகை அவரையும் தின்றுகொண்டுதான் இருக்கிறது.

இந்நான்கு நாள்களையும் வைத்து, "பழைய நெருப்பே மேல், புதிய பொறி வீண்" என்று தீர்ப்புச் சொல்வோர் இருப்பர். நாம் அவ்வாறு சொல்ல மாட்டோம். சதுப்பு நிலம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளர்வது. ஒரு பருவத்தில் வெட்டி எரிப்பது பல நூற்றாண்டுகளின் சேமிப்பு. அதுவும் இரவலே, திருப்பிக் கொடுக்க முடியாத இரவல். 2022 அக்டோபரில் அந்நாட்டரசு டர்ஃப் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்ததில் நியாயமுண்டு. தம் நிலவுரிமைப்படி தமக்கென வெட்டிக்கொள்வோரை விட்டுவைத்ததிலும் நியாயமுண்டு. நம் மகளின் பொறியும் மாசற்றது என்று மார்தட்ட இயலாது. அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காற்றாலையிலிருந்து வருகிறது. எரிவாயுவால் ஆவது அதனினும் மிகுதி. எனினும் கணக்கு நேர்மையுடன் போட்டால் பொறியே நல்லது. பிள்ளைகளின் நெஞ்சுக்கும் நல்லது, நாளைக்கு வருவோருக்கும் நல்லது. நம்மைத் தொந்தரவு செய்தது பொறியன்று. நல்ல பொருளை உடைமையாகக் கொண்டதாலேயே நாம் நல்லவராகிவிட்டோம் என்னும் நினைப்பு, மெல்ல, தரைச்சூடு போல், தெரியாமல் ஏறிவிடுகிறது. புகையைக் கண்டு முகம் சுளித்தவர் மருமகன் மட்டுமல்லர், நாமுந்தான்.

வியாழன் இரவு மின்சாரம் வந்தது. வீட்டுக்குத் திரும்பினோம். மீண்டும் சூடேற முழுதாக இரண்டு நாள் ஆயிற்று. அவ்விரண்டு நாளும் மருமகன் கணப்படுப்பு விற்போரின் விவரப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். புகைபோக்கிக்காகச் சுவரில் துளையிட வேண்டும்; இறுக்கமாகக் கட்டிய வீட்டில் அது ஒரு காயம். செலவும் பெரிது. "இனி ஒருவர் வாசலில் போய் நிற்கக் கூடாது மாமா," என்றார். நாம் யார் வாசலிலும் போய் நிற்கவில்லையே, அவரன்றோ நம் வாசலுக்கு வந்தார் என்றோம். அவர் பதில் சொல்லவில்லை.

பிள்ளைகள் குளிரில் வாடாமல் காப்பது தகப்பனின் கடமை. ஆகவே அடுப்பை வைத்துக்கொள்க என்றே நாம் சொன்னோம். ஆனால் எவருக்கும் கடன்படாதிருப்பதற்காக வைப்பதாயின், அக்கடன் ஏற்கெனவே ஏறிவிட்டது என்பதையும் சொன்னோம். பெரியவரின் கற்சுவர் வீட்டுக்கூரையில் வெப்பங்காக்கும் பஞ்சு அடைக்க அரசு மானியம் உண்டு. விண்ணப்பம் எழுதத்தான் அவருக்குத் தெரியாது. கணக்கரான மருமகனுக்கு அது ஒரு மாலை நேர வேலை. "எழுதித் தருகிறேன். ஆனால் அவர் ஏற்பாரா? மானமுள்ள மனிதர்," என்றார் மருமகன்.

ரமளான் பிறைக்கு முன்பாக நாம் ஊர் திரும்பிவிட்டோம். பிறகு பேசியபோது விசாரித்தோம். சுவரில் இன்னும் துளையிடவில்லையாம். விண்ணப்பம் நிரப்பப்பட்டு, பெரியவரின் சமையலறை மேசை மீது, கையெழுத்தின்றிக் கிடக்கிறதாம்.