யந்திரத்தின் மூப்பு

கற்பிட்டியிலோ உடப்பிலோ சிலாபத்திலோ வசிக்கும் ஓர் இளைஞன், சில ஆண்டுகளுக்கு முன் தகப்பனார் வாங்கித் தந்த கணினியின் எதிரே அமர்ந்து, புதிதாக வெளிவந்த விளையாட்டொன்று அதில் திக்கித் திணறுவதைக் கண்டு, ஒரு கிராபிக்ஸ் கார்டையும் கொஞ்சம் ராமையும் வாங்கிப் பொருத்திச் சமாளிப்பதா, அல்லது முழுவதையும் விற்றுவிட்டுப் புதியதொன்றை வாங்குவதா என்று யோசிக்கும்போது, தான் பணக் கணக்கு ஒன்றே போடுவதாக எண்ணிக்கொள்கிறான். பணக் கணக்கும் லேசானதன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறி, கடல் கடந்து வரும் ஒவ்வொரு சில்லின் விலையையும் ஏற்றிவிட்டது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, 900 மெகாவாட் திறன் கொண்ட நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைத் தன் கரையிலேயே வைத்திருக்கும் இந்தப் புத்தளம் மாவட்டமும் இருளில்தான் கிடந்தது. ஆயினும் அந்தக் கணக்கின் அடியில் சமயவாதிகள் நெடுங்காலம் விசாரித்த ஒரு பிரச்சினை இருக்கிறது: ஒரு பொருளுக்கு ஆயுள் முடிந்தது என்று சொல்ல யாருக்கு, எதைக் கொண்டு, அதிகாரம் உண்டு?

இவ்விடத்தில் பலகை பலகையாக மாற்றப்பட்ட கிரேக்கரின் கப்பலையும், மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் அங்கம் அங்கமாகப் பிரித்துக் காட்டிய தேரையும் இழுத்து வருவது தத்துவ நூல் பயின்றோரின் வழக்கம். எல்லா உறுப்பும் மாறிய பின்னும் அது பழைய கணினிதானா என்று கேட்பது புத்திக்கு நல்ல தேகப்பயிற்சி. ஆனால் அந்த இளைஞனுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவன் கேட்க வேண்டியது, தன் யந்திரம் எவ்விதத்தில் மூப்படைந்தது என்பதையே.

மூப்பில் ஒரு வகை, பொருளுக்குள்ளேயே நிகழ்வது. புத்தளத்துக் கடற்கரையில் வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பளங்களுக்கு வாழ்வளிக்கும் அதே காற்றும் வெயிலும் ஜன்னல் கம்பியைத் தின்கின்றன, துவிச்சக்கர வண்டியின் சங்கிலியைத் தின்கின்றன. கணினிக்குள் விசிறி இழுத்துவரும் ஈர உப்பு செப்புத் தொடுமுனைகளில் பச்சை பூக்கச் செய்கிறது. விசிறியின் அச்சு தேய்கிறது, பவர் சப்ளையிலுள்ள மின்தேக்கிகள் வற்றுகின்றன, பழைய ஹார்ட் டிஸ்க் முனகத் தொடங்குகிறது. இது மெய்யான ஜீர்ணம்.

இத்தகைய ஜீர்ணத்துக்கு நம்முடைய ஆகமங்கள் ஒரு முறையை வகுத்திருக்கின்றன. கோயிலைத் திருத்தும் முன்னர் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பாலஸ்தாபனம் என்ற தற்காலிக இருக்கையில் வைத்துப் பூசித்து, திருப்பணி நிறைவேறிய பின் கும்பாபிஷேகத்தால் பழைய இடத்துக்கே கொண்டுவந்து சேர்ப்பார்கள். சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்தை 1578இல் போர்த்துக்கேயர் இடித்தனர். கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், அங்கே மீண்டும் குடமுழுக்கு நடந்தது. இடைப்பட்ட காலத்தின் அழிவுகளைக் கண்டு, இது வேறு கோயில், வடிவாம்பிகை வேறு அம்பிகை என்று வாதித்த பக்தர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. கல் மாறலாம், குடிகொண்டது மாறாது என்ற இந்த நம்பிக்கையோடுகூட, சிற்ப நூல்கள் ஒரு கடுமையான விவேகத்தையும் கற்பிக்கின்றன: பிம்பத்தின் சிற்றுறுப்பு ஊனமானால் செம்மை செய்து கொள்ளலாம், பேரங்கம் சிதைந்தால் பாசம் பாராட்டாமல் விதிப்படி நீரில் விட்டுவிட்டுப் புதியதைப் பிரதிஷ்டை செய்ய வேண்டும். திருத்துவதே எப்போதும் புண்ணியம் என்று அவை சொல்லவில்லை.

ஆனால் இந்த நூல்களில் எங்கும் காணப்படாத மூப்பு ஒன்று உண்டு. அயலூர்க் கோயிலின் கோபுரம் நம்முடையதைவிட உயர்ந்துவிட்டது என்பதற்காக நம் மூர்த்தியை ஜீர்ணமானதாகக் கருதும் விதி எந்த ஆகமத்திலும் இல்லை. நம் இளைஞனின் கணினிக்கு நேர்ந்திருப்பது பெரும்பாலும் இதுதான். வாங்கிய அன்று ஓடிய விளையாட்டு இன்றும் அதே வேகத்தில் ஓடுகிறது. யந்திரம் தளரவில்லை, உலகம் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. இன்னும் விசித்திரமானது, ஆணையினால் வரும் மூப்பு. வின்டோஸ் 10 என்ற இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. அடுத்ததாகிய வின்டோஸ் 11, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட பொதுவான செயலிகளைத் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை. முதல் நாள் வரை ஆரோக்கியமாயிருந்த கோடிக்கணக்கான யந்திரங்கள், உடலில் ஒரு நோயுமின்றி, மறுநாள் காலையில் முதியவையாயின. லினக்ஸை நிறுவிக்கொண்டு அந்தத் தீர்ப்பை மீறலாம் என்பது உண்மைதான். விளையாட்டுக்காரர்களில் பலர் அதற்குத் துணிவதில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. உள்ளிருந்து வந்த மூப்பானால் ஆகமத்தின் அங்கவிசாரம் இங்கும் செல்லும். ஹார்ட் டிஸ்க்கை அகற்றி எஸ்.எஸ்.டி. போடுவதும், விசிறியை மாற்றுவதும், தூசியையும் உப்பையும் துடைப்பதும் சிற்றங்கத் திருத்தம். செலவு சிறிது, பயன் பெரிது. மதர்போர்ட் பேரங்கம். அது போனால், புதிய பலகை பழைய செயலியை ஏற்காது, புதிய செயலி பழைய ராமை ஏற்காது, புதிய கார்டு பழைய பவர் சப்ளைக்கு அடங்காது. பெட்டி ஒன்று மிஞ்சும். இதற்குத் திருத்தம் என்று பெயர் சூட்டிக்கொண்டு தவணை தவணையாகப் புதியதொன்றின் விலையையே கொடுப்பது தன்னைத் தானே வஞ்சித்துக்கொள்வதாகும். இதில் உற்பத்தியாளரின் நேர்மையும் சம்பந்தப்பட்டது: ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 பலகைகளில் 2017இல் வாங்கிய பலவும், பயோஸைப் புதுப்பித்தால், 2022இல் வெளிவந்த ரைசன் 5800எக்ஸ்3டி செயலியை ஏற்றன. அதே 2017இல் இன்டெல் வெளியிட்ட எட்டாம் தலைமுறைச் செயலியோ, முந்தியவற்றின் குழியிலேயே அளவாகப் பொருந்தியும், பழைய பலகையில் வேலை செய்ய மறுத்தது. பின்னதை ஜீர்ணம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

வெளியிலிருந்து வந்த மூப்பானால், ஆசையை அடக்கு என்று உபதேசித்துவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் விருப்பமில்லை. சிருஷ்டியையே லீலை என்று வர்ணித்த சமயத்தவன், விளையாட விரும்பும் பிள்ளையைக் கடிந்துகொள்வது பொருந்தாது. இந்தக் கரையில் பெருந்தொகையினராக வாழும் முஸ்லிம்களின் மார்க்கமும் வீண்விரயத்தைத்தான் கண்டிக்கிறது, அனுபவத்தையன்று. பௌத்தரின் விநய நூலில் இதற்கு இன்னும் நுட்பமான வழி காட்டப்படுகிறது. அரண்மனைப் பெண்கள் அளித்த ஐந்நூறு வஸ்திரங்களை என்ன செய்வீர் என்று உதயண மன்னன் வினவ, புத்தரின் சீடரான ஆனந்தர், கிழிந்த ஆடையுள்ள பிக்குகளுக்குப் புதியதைத் தருவதாகவும், பழையதை மேல்விரிப்பாக்கி, பழைய விரிப்பை மெத்தை உறையாக்கி, பின் தரைவிரிப்பும் கால்மிதியும் தூசித் துணியுமாக்கி, இறுதியில் மண்ணோடு குழைத்துத் தளத்துக்குப் பூசுவதாகவும் மறுமொழி கூறினார். புதியதைப் பெறுவதில் அவருக்குக் கூச்சமில்லை. பழையதற்கு அடுத்த வேலை எது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

நம் இளைஞனும் சில படிகள் வரை ஆனந்தரைப் பின்பற்றலாம். பழைய கணினி தங்கையின் பாடங்களுக்கு உதவும். பிறகு கடையொன்றில் கணக்கெழுதும். அதன் ராமும் பெட்டியும் வேறொருவனுக்குப் பயன்படும். கடைசிப் படியில்தான் சங்கடம். மின்சுற்றுப் பலகையை மண்ணோடு குழைக்க முடியாது. ஈயமும் பிறவும் கலந்த அதனை, பின்னமான பிம்பத்தைப்போலக் கடலேரியில் இறக்கவும் முடியாது. இதற்கு ஆகமத்திலும் விநயத்திலும் விதியில்லை.

எறிந்த பொருள் எங்கே போகிறது என்று கொழும்பில் வாழ்பவன் ஒருவேளை அறியாதிருக்கலாம். புத்தளத்தான் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய அருவக்காட்டில் தலைநகரின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும் திட்டத்தை எதிர்த்து 2018இல் இவ்வூர் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்றார்கள். மறு ஆண்டே குப்பை வந்து இறங்கியது. அந்த எதிர்ப்பில் கோஷமிட்ட ஒருவன் தன் மதர்போர்ட்டைக் குப்பைக் கூடையில் போடும்போது, கொழும்பின்மீது வைத்த அதே குற்றச்சாட்டுக்குத் தானும் ஆளாகிறான். புதியதன் விலையைக் கேட்கும் கடையிலேயே, பழையதைப் பொறுப்பாக ஏற்பார் யார் என்றும் அவன் கேட்டாக வேண்டும். இப்போதைக்கு அநேக கடைகளில் அதற்கு விடை கிடைப்பதில்லை.