ஜாம்பவான் நினைவூட்டிய பலம்

டெல்லி கோல் மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், பாபா கரக் சிங் மார்க்கில் அனுமன் கோயில். செவ்வாய்க்கிழமை கூட்டம் நெரியும். இங்கே ராமநாமம் இடைவிடாமல் ஒலிக்கிறது என்கிறார்கள். பாடுபவர்கள் மட்டும் முறை மாற்றிக்கொண்டு ஓய்வெடுக்கிறார்கள்.

இந்த ராமநாமம் போல உடற்பயிற்சியும் தவம்தான் என்றால், இடைவெளி விட்டால் அது கலைந்துவிடுமா?

பலத்தின் தெய்வமான அனுமனே முனிவர் சாபத்தால் தன் பலத்தை மறந்திருந்தவன். சீதையைத் தேடி வந்த கடற்கரையில், கரடிகளின் அரசன் ஜாம்பவான் நினைவூட்டியதும் எழுந்தான். மறந்த பலம் அழிந்துபோகவில்லை. தசையும் அப்படித்தான்: இரண்டு வார ஓய்வில் வலிமை பெரிதாகக் குறையாது, நீண்ட இடைவெளியில் இழந்ததும் முதல்முறையைவிட விரைவாகத் திரும்பும். கீதையின் 6-ஆம் அத்தியாயமும் உணவு, உறக்கம், உழைப்பு எல்லாவற்றிலும் அளவையே கேட்கிறது.

ஓய்வைப் பாவமாக எண்ண வேண்டாம். பல மாதம் கழித்து ஜிம்முக்குத் திரும்புகிறீர்களா? முதல் வாரம் பழைய எடையில் பாதியைத் தூக்குங்கள்.