பழைய பந்தியும் இன்றைய விருந்தினரும்

இறந்தோர் உண்ட விருந்தை உயிரோடிருப்போர் மீண்டும் படைக்க இயலுமா? இயலுமெனில், அவ்விருந்தில் சமைப்பவர் உண்மையாயிருக்க வேண்டியது பழைய ஏட்டிற்கா, பந்தியில் அமர்ந்திருக்கும் மனிதருக்கா?

இது வீண் வினா அன்று. 1966-ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரில், ஒரு வீட்டுத் தோட்டத்தில் நண்பர்கள் சிலர் இடைக்கால ஐரோப்பிய உடையணிந்து கூடினர். அக்கூட்டத்திலிருந்து வளர்ந்ததே ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரானிசம்’ என்னும் கழகம். இன்று பல நாடுகளில் பரவியுள்ள இதன் உறுப்பினர் வாளும் கேடயமும் செய்வதோடு நில்லாமல், அக்கால விருந்துகளையும் சமைத்துப் பரிமாறுகின்றனர்.

அவர்களது உழைப்பு எளிதன்று. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் 1390-ஆம் ஆண்டளவில் தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’ அவர்களுக்கு ஒரு மூலநூல். ‘கியூரி’ என்பது நம் கறியன்று. சமையலைக் குறிக்கும் பழஞ்சொல். அந்நூலில் பெரும்பாலும் அளவும் இல்லை, நேரமும் இல்லை. சமைப்பவரே சோதித்து அறிய வேண்டும். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம், வான்கோழி ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. அவை 1492-க்குப் பின்னரே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தன. காரத்திற்கு நம் மலபார்க் கரையின் மிளகு உண்டு. தவக்காலத்தில் இறைச்சியும் முட்டையும் பாலும் விலக்கப்பட்டதால், பாதாம் பருப்பை அரைத்துப் பிழிந்த பால் அவற்றின் இடத்தை நிரப்பிற்று.

இவ்வளவு நுணுக்கம் போற்றத்தக்கதே. தன் நாவின் பழக்கத்தை ஒதுக்கிவிட்டு, பெயர் மறைந்துபோன சமையற்காரர் ஒருவரின் கைக்குப் பணிந்திருத்தல் ஒருவகைத் தாழ்ச்சி என்றே நாம் கருதுகின்றோம். எனினும் இரண்டு ஐயங்கள் எழுகின்றன.

முதலாவது, இந்நூல்கள் அரண்மனைகளுக்கும் செல்வர் மாளிகைகளுக்கும் உரியவை. 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பாவை வாட்டிய பெரும்பஞ்சத்தில் மடிந்த உழவரின் கஞ்சியை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. கழகத்திலோ உறுப்பினர் அனைவரும் உயர்குடியினர் என்பதே விளையாட்டின் விதி. எல்லாரும் பிரபுக்களானால் உழவர் எங்கே? அன்றைய பெரிய வீடுகளில் நாட்பட்ட ரொட்டித் துண்டுகளே தட்டுகளாயின. சாறு ஊறிய அவை விருந்து முடிந்தபின் வாயிலில் காத்திருந்த ஏழைகளுக்குச் சென்றன. ஒருசந்தியும் வாயிலில் நின்ற ஏழையும் இல்லாமல் மயிற்கறியை மட்டும் மீட்டெடுப்பது பாதி உண்மையே. ஆயினும் ஒன்றை மறுப்பதற்கில்லை: இந்தப் பிரபுக்கள் தாங்களே வெங்காயம் உரிக்கின்றனர், தாங்களே பாத்திரம் துலக்குகின்றனர். பழைய பிரபுக்கள் கற்காத பாடம் அது.

இரண்டாவது ஐயம் கடினமானது. விருந்தினருள் ஒருவருக்குப் பாதாம் ஒவ்வாது; ஒரு கரண்டியே அவர் உயிரைப் பறிக்கக்கூடும். பாதாமை நீக்கினால் உணவு மூலத்திற்குப் பொய்யாகும். நீக்காவிடில் பந்தி அவருக்கு மூடப்படும். இறந்தோர்மீது கொண்ட மதிப்பு பெரிதா, அருகிலிருப்பவரின் உயிர் பெரிதா?

விடை பழைய ஏடுகளிலேயே கிடைக்கின்றது. இறைச்சி உண்ணும் நாளுக்கு ஒருவிதமாகவும், சுத்தபோசன நாளுக்கு வேறுவிதமாகவும் ஒரே உணவை மாற்றிச் சமைக்க அவை வழி சொல்கின்றன. 1393-ஆம் ஆண்டளவில் பாரிசில் எழுதப்பட்ட ‘மெனாழியே த பாரி’ என்னும் இல்லறநூல் நோயுற்றோருக்கான உணவுகளையும் தனியே தருகின்றது. ஆக, உண்பவரின் நிலையறிந்து உணவை மாற்றுவதே அம்மரபின் உட்பொருள். எழுத்தைப் பிடித்துக்கொண்டு விருந்தினரைக் கைவிடுபவர், எந்தச் சமையற்காரரைப் பின்பற்றுவதாக எண்ணுகின்றாரோ அவரையே மறுதலிக்கின்றார்.

ஆனால் மாற்றத்தை மறைத்தல் ஆகாது. இன்னது சேர்த்தோம், இன்னதை நீக்கினோம் என முன்னரே அறிவித்தால் அது விருந்தோம்பல். மறைத்துவிட்டு ‘இதுவே பழைய முறை’ என்று சொன்னால் அது பொய். ஒவ்வாத பொருளை மறைத்தாலோ உயிருக்கே கேடு. முந்தியது இறந்தோருக்கு இழைக்கும் அநீதி. பிந்தியது இருப்போருக்கு இழைக்கும் அநீதி.

மிகுதியாக உண்பது மட்டுமே பெருந்தீனி என்று நாம் எண்ணுகின்றோம். புனித அக்குவினா தோமாவோ, உணவு இப்படித்தான் பக்குவமாக இருக்க வேண்டும் என்று அளவுமீறி நுணுக்கம் பார்ப்பதையும் அதில் சேர்க்கின்றார். மூலத்திற்கு உண்மையாயிருத்தல் என்னும் நற்பண்பும், அன்பை இழந்தால், அதே குற்றத்தில் போய் விழும்.

எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்னும் வினா சமையலறைக்கு மட்டும் உரியதன்று. மரபொன்றைக் கையில் ஏந்திய எவருக்கும் உரியது. முன்னோர் எதைச் சமைத்தனர் என்று கேட்பது நன்று. யாருக்காகச் சமைத்தனர் என்று கேட்பது அதனினும் நன்று. அந்த இரண்டாம் வினாவைக் கேட்பவரின் பந்தியில் எவரும் பசியோடு எழார்.