பைபாஸ் ஓரத்து வயல்

கார்த்திகை, மார்கழியில் அனுமந்தன்பட்டி வழியாகக் கம்பம் போகிற சாலையில் ஐயப்ப பக்தர்களின் வண்டி வரிசை அறுபடாது. திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்குப் போகிற அந்த நெடுஞ்சாலையே வழியோரத்து ஊர்களுக்கெல்லாம் கடைவீதியாகவும் இருந்தது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஊர்களுக்குப் பைபாஸ் வந்தது நல்ல காரியம். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரி பஸ் ஸ்டாண்டுக்குள் முட்டி நிற்க வேண்டியதில்லை.

மோட்டார் வண்டிக்கென்றே தனிச் சாலை என்ற யோசனைக்கு நூறு வயதாகிறது. இத்தாலியில் பியரோ புரிச்செல்லி என்ற பொறியாளர் மிலான் நகரிலிருந்து போட்ட சாலை 1924-இல் திறக்கப்பட்டது. மாட்டுவண்டிக்கும் நடந்து போகிறவருக்கும் அதில் இடமில்லை. இங்கிலாந்தில் 1958-இல் திறந்த முதல் மோட்டார் சாலை, பிரஸ்டன் நகரைச் சுற்றிப் போன 13 கிலோமீட்டர் பைபாஸ்தான்.

அந்தச் சாலைகளின் உயிர் ஒரே விதியில் இருந்தது. குறித்த இடத்தில்தான் ஏறலாம், இறங்கலாம். ஓரத்தில் எந்த வீட்டுக்கும் கடைக்கும் வாசல் கிடையாது. இங்கிலாந்துக்கு அது பட்டபிறகு வந்த அறிவு. 1920-களில் லண்டனைச் சுற்றிப் போட்ட பைபாஸ்களின் இருபுறமும் வீடுகளும் தொழிற்சாலைகளும் நெருங்கி, பைபாஸே தெருவாகிப் போனது. சாலையோரத்தில் இப்படி வரிசைகட்டிக் கட்டடம் எழுவதைத் தடுக்கவே 1935-இல் பிரிட்டன் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஊர் எந்தப் பக்கம் வளரும் என்பதைச் சாலை தீர்மானித்துவிடும் என்று நகரமைப்பாளர்கள் கற்றுக்கொண்ட பாடம் இது.

நாம் சாலையை எடுத்துக்கொண்டோம், விதியை விட்டுவிட்டோம். பைபாஸ் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே தமிழ்நாட்டில் எங்கும் வயலில் கல் நட்டு பிளாட் போடுகிறார்கள். முதலில் டீக்கடை வரும், அடுத்து பஞ்சர் கடை, பிறகு கல்யாண மண்டபம். சில வருடங்களில் அந்தப் பைபாஸுக்கே ஒரு பைபாஸ் கேட்போம்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதன் விலை அதிகம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து இங்கே இருபோகம் விளைகிற வயல் 14,707 ஏக்கர். ஒருமுறை செம்மண் கொட்டி மேடாக்கிய வயலை மறுபடி நடவுக்குக் கொண்டுவர யாராலும் முடியாது. வயல் மனையாவதைத் தட்டிக் கேட்கச் சட்டமும் இருக்கிறது: தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971.

பைபாஸ் ஓரத்தில் மனை வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன், நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடம் எந்த மடையில் பாய்ந்த வயல் என்றும் பக்கத்து விவசாயியிடம் கேளுங்கள்.