ஆறிய பாறை

உடுப்பிக்குப் பக்கத்தில் மல்பே என்ற மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து படகேறினால் செயின்ட் மேரீஸ் தீவுகள். மழைக்காலத்தில் படகு கிடையாது. மற்ற மாதங்களில் சுற்றுலா வருபவர்களைத் தென்னைகள் அடர்ந்த ஒரு தீவில் இறக்கிவிடுகிறார்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா இங்கே இறங்கித்தான் மரியாளின் பெயரை வைத்தார் என்று ஒரு கதை உண்டு. இறங்கினாரோ இல்லையோ, அந்தப் பாறைகளுக்கு அவர் வந்துபோன செய்தி ஒரு பொருட்டே அல்ல.

கரையோரம் முழுக்கக் கல்தூண்கள். பட்டை பட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டி, சில ஆளுயரத்தைத் தாண்டி நிற்கின்றன. அலை அரித்த இடங்களில் தலைகள் மட்டும் தெரிகின்றன. தளக்கல் பாவிய கோயில் பிராகாரம் போலிருக்கிறது. "யாரு செதுக்கினது?" என்று ஒரு சிறுவன் கேட்டான். நியாயமான கேள்வி. எல்லாம் அறுகோணம் என்று கேட்டுவிட்டு வருகிறவர்கள் அறுகோணத்தையே தேடி அலைகிறார்கள். உட்கார்ந்து எண்ணினால் ஐந்து பக்கம் வரும், ஏழு வரும், சில நேரம் நான்கும் வரும்.

தூண் பாறை என்றால் பெரும்பாலும் பசால்ட் என்னும் எரிமலைப் பாறையாக இருக்கும். இது சிலிக்கா மிகுந்த வேறு வகை. ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்த நிலம் பிளந்த காலத்தில் வெளிவந்த எரிமலைக் குழம்பு என்று புவியியலாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

உடன் வந்த நண்பர் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார். அப்பா இறந்து எனக்கு இன்னும் வருஷம் திரும்பியிருக்கவில்லை. "எட்டே முக்கால் கோடி வருஷம்! இதுல மனுஷ ஆயுசு எம்மாத்திரம், சொல்லுங்க" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். படித்தவர்களுக்கு வாய்த்த ஆறுதல் முறை இது. அந்தக் காலத்தில் "எல்லாம் மாயை" என்றவர்களின் இடத்தில் இப்போது பூமியின் வயது வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு மட்டும் அது உள்ளே இறங்கவில்லை. கோடி என்று கேட்டதும் முழங்கால் வலி குறைந்துவிடுகிறதா என்ன?

அப்புறம் அந்தத் தூண்கள் எப்படி உருவாகின்றன என்று படித்தேன். குழம்பு ஆறும்போது சுருங்குகிறது. இறுகிய மேற்பரப்பு இழுவை தாங்காமல் வெடிக்கிறது. தொடக்கத்தில் வெடிப்புகள் ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். சூடு உள்ளிருந்து வெளியேற வெளியேற அவை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகின்றன. இறங்கும்போதே தம்மைத் திருத்திக்கொண்டு, மூன்று மூன்றாக ஏறக்குறைய சமக் கோணத்தில் சந்திக்கின்றன. குறைந்த வெடிப்பில் அதிக இழுவை தீரும் வழி அது. பரப்பு எந்தப் பக்கம் ஆறியதோ அதற்குச் செங்குத்தாகத் தூண் வளரும். அதனால்தான் சில தூண்கள் நேராக நிற்கின்றன, சில சாய்கின்றன.

எனக்கு முக்கியமாகப் பட்டது இதற்கு ஆகும் காலம். ஹவாய்த் தீவில் கிலாவேயா இக்கி என்ற எரிமலைக் குழியில் 1959-இல் குழம்பு தேங்கி, நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான ஏரியானது. விஞ்ஞானிகள் அதைத் துளையிட்டுத் துளையிட்டுக் கவனித்தார்கள். முழுக்க உறைய ஏறத்தாழ 35 ஆண்டுகள் பிடித்தன. அதைவிட மெல்லிய குழம்பு இன்னும் சீக்கிரம் ஆறிவிடும். அப்படியானால் மல்பேக் கடலில் நாம் போய்ப் பார்க்கிற அந்த வடிவம் முழுவதும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கக்கூடிய காலத்தில் அமைந்தது. மிச்சமுள்ள கோடிகளில் அது புதைந்தும் வெளிப்பட்டும் தேய்ந்தும் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா 79 வயது வரை இருந்தார். வரவு செலவு எழுதும் பழக்கம், சாப்பாட்டில் அவசரம், யாரிடமும் கடன் கேட்கத் தெரியாத கூச்சம் என்று அவரிடமிருந்து எனக்குள் வந்து படிந்தவை எல்லாம் அந்த வருஷங்களுக்குள் நடந்தவை. 8.8 கோடியை 79-ஆல் வகுத்துப் பதினொரு லட்சம் என்று விடை சொல்வதால் அவற்றில் எதுவும் சின்னதாகிவிடாது.

நண்பர் இப்போதும் துக்கம் விசாரிக்கப் போகிற வீடுகளில் பூமியின் வயதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நீங்களாவது சொல்லாதீர்கள். போனவர் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். அந்த வீட்டில் சொல்வதற்கு ஆள் இருப்பார்கள்.