முந்தியது எது என்ற கேள்வி

இரண்டு நிகழ்வுகள் நடந்தால் ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் இருந்தே தீர வேண்டுமா? இக்கேள்விக்குள் வெகுதூரம் சென்ற இருவர் லைப்சிக் நகரில் பிறந்தவர்கள்: 1646இல் கோட்ஃப்ரீட் வில்ஹெல்ம் லைப்னிஸ், 1926இல் கார்ல் ஆடம் பெட்ரி. நியூட்டனின் தரப்பில் வாதாடிய சாமுவேல் கிளார்க்குக்கு 1715, 1716ஆம் ஆண்டுகளில் எழுதிய கடிதங்களில், காலம் என்பது பொருள்களுக்கு வெளியே தானாக ஓடும் ஒன்றல்ல என்று லைப்னிஸ் வாதிட்டார். அடுத்தடுத்து வருபவற்றின் வரிசையே காலம். உடனிருப்பவற்றின் வரிசையே வெளி.

பெட்ரி இதைவிடத் துணிச்சலான இடத்துக்குப் போனார். டார்ம்ஷ்டாட்டில் 1962இல் முனைவர் பட்டம் பெற்றுத்தந்த ஆய்வேட்டில், வரம்பின்றி வளரக்கூடிய எந்திரம் எதையும் ஒரே கடிகாரத்தால் இயக்க முடியாது என்று வாதிட்டார். எந்தச் சைகையும் ஒளியைவிட வேகமாகப் போகாது. பொதுக் கடிகாரம் போய்விட்டால் மிஞ்சுவது காரணகாரியத் தொடர்பு மட்டுமே. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகாத இரு நிகழ்வுகளுக்கு இடையே முன்பின் கிடையாது. இதிலிருந்து வியப்பான ஒரு விளைவு பிறக்கிறது: முதல் நிகழ்வுக்கும் இரண்டாவதற்கும் முன்பின் இல்லை, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இல்லை, ஆனாலும் முதலாவது மூன்றாவதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகவே உடனிகழ்வதை ‘ஒரே கணத்தில் நடப்பது’ என்று விளக்கிவிட முடியாது.

இது ஏட்டுத் தத்துவம் அல்ல என்பதை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தினமும் காட்டுகிறது. ஒரு சாதனத்தை இயக்கும் டிரைவர் மாட்யூலின் நிரல் நினைவகத்தில் ஒரு பிரதியாகவே இருக்கும். அதைப் பல செயலிகள் ஒருங்கே இயக்கும். ஓர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவது படித்தல், கூட்டுதல், எழுதுதல் என மூன்று படிகள் கொண்டது. இரு செயலிகள் 7 என்று படித்து, இரண்டும் 8 என்று எழுதினால், ஒரு கூட்டல் சுவடின்றி மறையும். இரண்டில் எதுவும் பிழை செய்யவில்லை. பவர் வகைச் செயலிகளில் இன்னும் விசித்திரம் உண்டு: இரு செயலிகள் தனித்தனியே எழுதியதை வேறு இரு செயலிகள் எதிரெதிர் வரிசையில் காணலாம். அங்கே ‘உண்மையில் எது முதலில்’ என்று கேட்பதில் பொருளே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு செயலி மட்டுமே நுழையும்படி பூட்டு போடும் நிரலர் ஏற்கெனவே இருந்த வரிசையைக் கண்டுபிடிப்பதில்லை. இல்லாத வரிசையை உண்டாக்குகிறார்.

உடலும் உள்ளமும் இசைந்து நடப்பதை விளக்க லைப்னிஸ் 1696இல் இரு கடிகாரங்களைச் சொன்னார். அவை ஒத்தோட மூன்று வழிகள்: ஒன்றையொன்று பாதிப்பது, ஒரு கைவினைஞர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பது, தொடக்கத்திலேயே பிசகாதபடி செய்துவிடுவது. கெர்னலில் மூன்றுமே உண்டு. லினக்ஸ் 1996இல் பல செயலிகளை ஏற்றபோது கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு இருந்தது. அது ஓயாத கைவினைஞரின் வழி. பாதுகாப்பானதுதான், ஆனால் மற்றச் செயலிகளைக் காத்திருக்க வைத்தது. கடைசியில் 2011இல் நீக்கப்பட்டது. சிறு சிறு பூட்டுகள் முதல் வழி. லைப்னிஸ் ஏற்றது மூன்றாவது வழியை, கடவுள் முன்பே அமைத்த இசைவு என்று.

அந்த மூன்றாவது வழிக்கு மிக நெருங்கியது மறுநுழைவு. ஒரு சார்பு ஓடி முடியும் முன்பே, செயலியின் வேலையை வன்பொருள் இடைமறிக்கும் குறுக்கீட்டாலோ வேறு செயலியாலோ, அதே சார்புக்குள் மறுபடி நுழைய நேரலாம். நிரல் ஒன்றே எனில் இரு ஓட்டங்களை இரண்டாக்குவது எது? ஒவ்வொன்றுக்கும் உரிய அடுக்கு நினைவு. எல்லாவற்றையும் அந்த அடுக்கிலும், அழைத்தவர் தந்த தரவிலும் மட்டுமே வைத்துக்கொள்ளும் சார்பு குழம்பாது. எல்லா ஓட்டங்களுக்கும் பொதுவான நிலையான மாறி ஒன்றில் தன் நினைவைச் சேமித்தால், ஒரு ஓட்டத்தின் எண்ணம் மற்றதற்குள் கலந்துவிடும். எந்த வகையிலும் வேறுபடாத இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்ற லைப்னிஸின் கொள்கை இங்கே கறாராகப் பொருந்துகிறது. செயலிக்கொன்றாகத் தரவைப் பிரித்துவைப்பதும் வெளியிலிருந்து எதுவும் புக முடியாத தனிப்பொருள்களாக அவர் கருதிய ‘சன்னல்களற்ற’ மோனாடுகளை ஒத்ததே.

ஆனால் டிரைவர் முழு மோனாடாக முடியாது. வட்டு ஒன்று, அதன் கட்டுப்பாட்டுப் பதிவேடு ஒன்று. எல்லாச் செயலிகளும் அதைத்தான் தொட வேண்டும். அங்கே பூட்டு தவிர்க்க இயலாதது, அதோடு புதிய ஆபத்தும் வருகிறது. பூட்டைப் பிடித்திருக்கும் செயலியிலேயே குறுக்கீடு எழுந்து அதே பூட்டைக் கேட்டால், குறுக்கிட்டது குறுக்கிடப்பட்டதற்காகக் காத்திருக்கும். குறுக்கிடப்பட்டது முன்னேறவே முடியாது. அதனால்தான் குறுக்கீட்டு நிரலோடு பகிரும் பூட்டைப் பிடிக்குமுன் அச்செயலியில் குறுக்கீடுகள் நிறுத்தப்படுகின்றன.