சூடிய மாலையும் அனுமானத்தின் எல்லையும்

மெய்ம்மையை அறியும் வாயில்களாக இராமானுசர் வழிவந்த வைணவ ஆசாரியர்கள் மூன்றை ஏற்பர்: புலன்களால் நேரே அறியும் பிரத்தியட்சம், கண்டதைக் கொண்டு காணாததைத் துணியும் அனுமானம், நம்பத்தக்க மொழியால் அறியும் சப்தம். கோடையில் சஞ்சீவி மலைமேல் புகை எழக் காணும் இராஜபாளையத்தார், தீயைக் காணாமலேயே மலையில் தீப்பற்றியதென்று துணிவது அனுமானம். துப்பறியும் நாவல் என்னும் இலக்கிய வகை முழுவதும் இந்த இரண்டாம் வாயிலை நம்பியே எழுந்தது. அவ்வாயில் எதுவரை இட்டுச்செல்லும் என்பதை ஆராய, ஆங்கில நாட்டு மாளிகை ஒன்றையும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமாளிகையையும் அருகருகே வைத்து நோக்குவது தகும்.

வில்கி காலின்ஸ் 1868இல் வெளியிட்ட 'தி மூன்ஸ்டோன்' நாவலில், 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது கொள்ளைபோன, சந்திரக் கடவுளின் திருவுருவுக்குரிய வைரம், யார்க்ஷயரிலுள்ள ஒரு மாளிகையில் ஓரிரவில் காணாமற்போகிறது. புதிதாக வண்ணம் பூசிய கதவில் ஏதோ ஓர் ஆடை உரசிய தடம் தெரிகிறது. அந்த ஆடையைத் தேடிச்சென்ற பிராங்க்ளின் பிளேக், அது தன்னுடைய இரவாடையே எனக் கண்டு திடுக்கிடுகிறான். அபினி மயக்கத்தில், தான் செய்வதை அறியாமலேயே வைரத்தை எடுத்தவன் அவனே. தடயம் ஆளைப் பிழையின்றிக் காட்டியது. ஆயினும் அவன் குற்றவாளியா என்பதை அத்தடயத்தால் மட்டும் தீர்மானிக்க இயலவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி கோயிலை அடுத்துள்ள ஆண்டாள் கோயில், பெரியாழ்வாரின் இல்லம் இருந்த இடம் என்பது மரபு. நந்தவனத்துத் துளசியின் அடியில் கிடைத்த கோதை, அதாவது ஆண்டாள், அவ்வில்லத்தில் அவர் மகளாக வளர்ந்தாள். பெருமாளுக்கெனத் தந்தை தொடுத்த மாலையைத் தான் சூடி, இன்று கண்ணாடிக் கிணறு எனக் காட்டப்படும் கிணற்று நீரில் அழகு பார்த்து, பின்னர் பூக்கூடையில் திரும்ப வைப்பது அவள் வழக்கமாயிற்று. ஒருநாள் அம்மாலையின் இதழ்களுக்கிடையே நீண்ட முடியொன்று சிக்கியிருக்கக் கண்டார் ஆழ்வார். மனிதர் சூடிய பூ இறைவனுக்கு ஆகாது என்பது கோயிலொழுக்கம். ஆகவே மகளைக் கடிந்துகொண்டு, வேறு மாலை தொடுத்துச் சாத்தினார். அன்றிரவு கனவில் தோன்றிய பெருமாள், அவள் சூடிய மாலையே தமக்கு உகந்தது என்று தெரிவித்ததாக மரபு கூறும்.

ஆழ்வாரின் அனுமானத்தில் குறையேதுமில்லை. முடி கோதையினுடையது, மாலையைச் சூடியவளும் அவளே. அச்செயலை அபசாரம், அதாவது தெய்வத்தின்பால் இழைத்த குற்றம், என்று கணித்ததே பிழைபட்டது. அதைத் திருத்தும் உரிமை மாலையை ஏற்பவர் ஒருவருக்கே உண்டு. ஒருவர் கண்ட கனவு மற்றவர்க்குச் சான்றாகாது என்னும் மறுப்பு வலுவானது. அதை மழுப்புவது பக்திக்கு அழகன்று. எனினும், ஒருவருக்கு எது உகப்பு என்பதை அவரே சொல்லக் கேட்டன்றி உறுதியாய் அறிய வழியில்லை என்பது மனிதரிடையேயும் உண்மை. சப்தம் தனி வாயிலாக நிற்பதற்கு இதனினும் தெளிவான காரணம் காட்டுவது அரிது.

அனுமானத்துக்கு உரிய பணிகள் வேறு உள்ளன. கோதை பாடிய திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழன் பற்றிய குறிப்பைக் கொண்டு, அது பாடப்பட்ட ஆண்டு கி.பி. 731 என மு. இராகவையங்கார் கணித்தார். பிறர் வேறு ஆண்டுகளைக் கூறினர். இவ்வாராய்ச்சியைக் கண்டு அடியார்கள் அஞ்ச வேண்டியதில்லை. திருவரங்கத்துக் கருவறையுள் புகுந்த கோதை அரங்கனோடு கலந்தாள் என்னும் செய்தியை அக்கணக்கு நிறுவவும் செய்யாது, மறுக்கவும் செய்யாது.

கனவில் கேட்ட சொல் கோயிலொழுக்கத்தை நீக்கிவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவக் கருட சேவைக்கெனத் திருமலைக்கு இன்றும் செல்கிறது. அவளைப் பின்பற்றித் தாமும் சூடிக் கொடுக்கலாம் என்று எந்த அடியாரும் அதனால் துணிவதில்லை, ஏனெனில் அச்சொல் அவள் ஒருத்தியைக் குறித்தே சொல்லப்பட்டது.